அளவறிந்து சேர்த்தலே அகிம்சை

 

மயிலாப்பூர் என்றவுடன் பிறர்க்குக் கபாலீசுவரர் கோயிலும் தெப்பக்குளமும் நினைவிற்கு வரும். நமக்கோ, அவற்றோடு, ஒரு காலத்தில் அக்கடற்கரையில் எழுந்தருளியிருந்த நேமிநாத பகவானும் நினைவிற்கு வருவார். அவிரோதியாழ்வார் இயற்றிய திருநூற்றந்தாதி மயிலை நேமிநாதரைப் போற்றும் நூலாகும். கடல் பொங்கி ஊரை நெருங்கிய காலத்தில், பகவானின் திருவுருவத்தை மேல்சித்தாமூருக்கு எடுத்துச் சென்று காத்தனர் என்பது நம் முன்னோர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி.

அந்த நேமிநாதர் துறவு பூண்ட வரலாற்றை அறியாத சமணக் குழந்தை இல்லை. உக்கிரசேனன் மகள் இராசமதியை மணம்புரியத் தேரேறிச் செல்கிறார். வழியில் ஒரு பட்டி. அதனுள் விலங்குகள் நெருக்கி அடைக்கப்பட்டு அலறிக்கொண்டிருக்கின்றன. இவை எதற்காக இங்கே சேர்த்து வைக்கப்பட்டுள்ளன என்று தேர்ப்பாகனை வினவுகிறார். தங்கள் மணவிருந்திற்காக என்று விடை வருகிறது. அவ்வளவில் மணக்கோலம் கலைகிறது. அடைபட்டவை விடுதலை பெறுகின்றன. தேர் ஊர்ஜயந்தகிரியை நோக்கித் திரும்புகிறது.

பகவான் அவ்வுயிர்களைத் தாமே அடைக்கவில்லை. அடைக்கும்படி ஆணையிடவும் இல்லை. ஆயினும் 'தம் பொருட்டு' என்ற ஒரு சொல்லே அவருக்குப் போதுமாக இருந்தது. நம் பொருட்டு எங்கோ சேர்த்து வைக்கப்பட்டிருப்பது யாது, எவ்வளவு, எவ்வழியே வந்தது என்று கேட்பதே அறத்தின் தொடக்கம் என்பதை அவர் நமக்குக் காட்டியருளினார். இவ்விதழில் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே. வணிகர்தம் கிடங்கிலும், நம் இல்லத்து அறையிலும் சேர்ந்து கிடக்கும் சரக்கிருப்பிற்கும், இன்று உலகத்தை வெப்பமடையச் செய்துவரும் கரியமில வாயுவிற்கும் உள்ள தொடர்பினை, நம் இல்லறத்தார் விரதங்களின் ஒளியில் காண்போம்.

எமது ஆசிரியப் பயிற்சிக் காலத்தில், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பதே முதல் விதியாகக் கற்பிக்கப்பட்டது. ஆகவே தெரிந்த ஒரு குடும்பத்திலிருந்தே தொடங்குகின்றோம்.

வெள்ளம் கற்பித்த பாடம்

எம் தமையனாரின் மகன் தியாகராய நகரில் மளிகைக் கடை நடத்துபவன். சரக்கைத் தேக்கி வைக்க அடையாற்றின் கரையோரம் ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்திருந்தான். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி கிடைக்கும் என்பதற்காக, 2015-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்னர் ஏறத்தாழ மூன்று மாதச் சரக்கை வாங்கி அடுக்கியிருந்தான். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த மழையைச் சென்னைவாசிகள் மறக்கமாட்டார்கள். தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் நீரில் மூழ்கின. கிடங்கினுள் ஆளுயரத்திற்குத் தண்ணீர்.

வெள்ளம் வடிந்தபின் யாமும் சென்று பார்த்தோம். ஊறி வெடித்த பருப்பு மூட்டைகள், புளித்து நாறும் மாவு, அவற்றில் நெளியும் புழுக்கள். கூலியாட்கள் அவற்றை மண்வெட்டியால் அள்ளி வண்டியில் எறிந்துகொண்டிருந்தனர். அவன் வாயிலில் அமர்ந்திருந்தான். எம்மைக் கண்டதும், "அத்தை, பணம் போனதை விடுங்கள், அது திரும்ப வரும். இந்த மூட்டைகளில் இப்போது எத்தனை உயிர் இருக்கிறது, பாருங்கள். நான் அல்லவா இவற்றைப் பிறக்கவும் வைத்து, சாகவும் வைக்கிறேன்?" என்றான். அவனுக்கு என்ன ஆறுதல் கூறுவதென்று எமக்கு அன்று தோன்றவில்லை.

அந்த ஒரு மழைக்குப் புவி வெப்பமே காரணம் என்று அறுதியிட்டுக் கூறிவிட இயலாது. ஆனால் காற்று ஒரு பாகை வெப்பமடைந்தால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகும் என்பதும், அதனால் பெருமழைகள் கடுமையாகும் என்பதும் அறிவியலார் கண்ட உண்மை. 1901 முதல் 2018 வரையிலான காலத்தில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போது நம் தெருக்கள் மீண்டும் நீரில் நின்றன. மயிலை நேமிநாதர் திருவுருவத்தைக் கடலுக்கு அஞ்சி எடுத்துச் சென்ற மக்களின் வழிவந்தோர், கடலை உயர்த்தும் புகையைப் பற்றி எண்ணாமல் இருத்தல் தகுமோ?

செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

அக்கடைக்காரரின் மகன், எமக்குப் பேரன் முறையாகிறவன், ஒரு பெரிய நிறுவனத்தில் சரக்குத் திட்டமிடும் பிரிவில் பணிபுரிகின்றான். எந்தப் பொருளை, எவ்வளவு, எப்போது, எவ்வழியாகத் தருவிப்பது என்று கணக்கிடுவது அவன் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை எம் இல்லத்திற்கு வந்தபோது, தன் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு கணக்கைப் பற்றிக் கூறினான்.

"பாட்டி, முன்பெல்லாம் எங்கள் ஆலைப் புகைக்கு மட்டும்தான் கணக்கு. இப்போது மூன்று வட்டம் போட்டுக் கணக்கெழுதச் சொல்கிறார்கள். எங்கள் கொதிகலனும் எங்கள் வண்டியும் விடும் புகை முதல் வட்டம். நாங்கள் வாங்கும் மின்சாரத்திற்காக வேறெங்கோ எரியும் நிலக்கரி இரண்டாவது வட்டம். எங்களுக்குச் சரக்குத் தருபவர் ஆலை, அதைச் சுமந்து வரும் லாரி, நாங்கள் விற்றதை வாங்கியவர் வீடு, கடைசியில் குப்பை, எல்லாம் மூன்றாவது வட்டம். பல நிறுவனங்களில் அந்த மூன்றாவதுதான் மிகப் பெரியது."

யாம் நகைத்துவிட்டோம். "ஏன் பாட்டி சிரிக்கிறீர்கள்?" என்றான். "உன் அலுவலகத்தார் புதிதென்று கருதுவதை நீ பள்ளி செல்லுமுன்பே உனக்கு யாம் சொல்லிக் கொடுத்தோமே, மறந்தாயா? தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வாரை உடன்படுதல். மூன்று வழியாலும் வினை வந்து சேரும் அல்லவா?" என்றோம். அவனும் நகைத்தான்.

இவ்விரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. ஒன்று புகைக்கணக்கு, மற்றொன்று வினைக்கணக்கு. ஆயினும் அடிப்படை ஒன்றே. என் கை செய்யாததற்கும் எனக்குப் பொறுப்புண்டு என்பதே அது. மூன்று வட்டக் கணக்குமுறை 2001-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றது. மூன்றாம் வட்டத்தை எழுதும் விரிவான நெறிமுறை 2011-இல் வந்தது. நம் நாட்டிலும், பங்குச் சந்தையில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள் தம் சூழல் பொறுப்பைப் பற்றி ஆண்டறிக்கை தருதல் வேண்டும் என்று செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியுள்ளது. நம் இளைஞர் பலர் இத்தகைய அலுவலகங்களில் உள்ளனர். அங்கே எழுதும் ஒவ்வோர் எண்ணும் நிலவுயிர், நீருயிர், தீயுயிர், காற்றுயிர், தாவரவுயிர் ஆகிய ஓரறிவுயிர்களின் துன்பத்தை அளக்கும் எண் என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும்.

ஆசாரியர் கண்ட ஐந்து குற்றங்கள்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஐந்தாவது, பொருளுக்கு வரம்பு கட்டிக்கொள்ளுதல். அதனைப் பரிக்கிரக பரிமாணம் என்பர். சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்கு இழுக்காகும் ஐந்து குற்றங்கள் கூறப்பட்டுள்ளன. அவை அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், லோபம், அதிபாரவாகனம் என்பன. மாட்டு வண்டியில் தானியம் ஏற்றி வாணிகம் செய்த மக்களுக்காகக் கூறப்பட்ட இவை, லாரியும் கப்பலும் விமானமும் ஓடும் இக்காலத்திற்கும் எத்துணைப் பொருந்துகின்றன என்று பாருங்கள்.

முதலில் அதிசங்கிரகம். பின்னால் மிகுந்த இலாபம் வரும் என்று கருதித் தானியம் முதலியவற்றை அளவுக்கு மேல் சேர்த்தல். எம் தமையன் மகனின் கிடங்கு இதற்குச் சான்று. தேங்கிய சரக்கு சும்மா இருப்பதில்லை. அதற்கு இடம் வேண்டும், விளக்கு வேண்டும், சிலவற்றிற்குக் குளிரூட்டும் அறை வேண்டும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு வெளியாகின்றது. குளிர்ப்பெட்டிகளில் பயன்படும் சில வாயுக்கள் கசிந்தால், அவை கரியமில வாயுவைக் காட்டிலும் ஆயிரக்கணக்கான மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எல்லாவற்றிலும் கொடியது, சேர்த்தது கெட்டுப்போதல். உலகில் 2022-ஆம் ஆண்டில் கடைகளிலும் விடுதிகளிலும் வீடுகளிலுமாக வீணான உணவு 105 கோடி டன் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு மதிப்பிட்டுள்ளது. தென்சென்னையில் நாம் கழித்த சோறும் காயும் பல்லாண்டுகளாகப் பெருங்குடிக் குப்பைமேட்டிற்குச் சென்றன. அவ்வாறு காற்றுப் புகாமல் மட்கும்போது மீத்தேன் உண்டாகும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெம்மை தருவது. 2022 ஏப்ரலில் அம்மேடு தீப்பற்றிப் புகைந்ததை அருகில் வாழ்ந்தோர் அறிவர்.

அடுத்தது அதிவாகனம். எருதுகளை அவை இயல்பாகச் செல்லக்கூடிய தொலைவிற்கு மேல் ஓட்டுதல். இன்று எருதுக்கு மாற்றாக டீசல் ஓடுகின்றது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகும். தேவையற்ற ஒவ்வொரு நடையும் அதிவாகனமே.

இங்கே எம் தமையன் மகன் செய்த ஒரு பிழையைக் கூறுதல் வேண்டும். வெள்ளத்திற்குப் பின் அவன் மனம் மறுபக்கம் சாய்ந்தது. இனி இருப்பே வேண்டாம் என்று, அன்றாடம் விற்றதை அன்றாடம் தருவிக்கத் தொடங்கினான். கிடங்கு காலியாயிற்று, ஆனால் பாதி நிரம்பாத வண்டிகள் நாள்தோறும் வந்து சென்றன. டீசல் செலவு ஏறியது. பொங்கலுக்கு முன் துவரம்பருப்பு இல்லாமல் வாடிக்கையாளர் திரும்பினர். பருப்போ கலபுரகியிலிருந்தும் கடல்கடந்தும் வரவேண்டிய பொருள்; கேட்டவுடன் வராது.

அப்போது பேரன் ஒரு தாளில் கோடு கிழித்துக் காட்டினான். 1913-ஆம் ஆண்டிலேயே ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு கணக்கு வகுத்தாராம். அடிக்கடி சிறிது சிறிதாக வாங்கினால் வரவழைக்கும் செலவு ஏறும். எப்போதாவது பெரிதாக வாங்கினால் வைத்துக் காக்கும் செலவு ஏறும். இரண்டும் சமமாகும் இடத்தில் உள்ள அளவே சிக்கனமான கொள்முதல். இன்றைய திட்டமிடுவோர் ரூபாயோடு புகையையும் அக்கணக்கில் சேர்க்கின்றனர். நடை ஒவ்வொன்றிற்கும் எவ்வளவு டீசல், இருப்பு ஒவ்வொன்றிற்கும் எவ்வளவு மின்சாரம், கெடுவது எவ்வளவு என்று எழுதிப் பார்த்து, மொத்தப் புகை குறையும் அளவைத் தேர்கின்றனர்.

இதனைக் கேட்டபோது, நம் ஆசாரியர்கள் இவ்விரதத்திற்குப் 'பரிக்கிரகம் இன்மை' என்று பெயரிடாமல், இல்லறத்தார் அளவில் 'பரிமாணம்' என்று பெயரிட்டதன் நுட்பம் எமக்கு விளங்கியது. துறவிக்கு இன்மை, இல்லறத்தானுக்கு அளவு. சேர்ப்பதே பாவம் என்பது ஒருபக்கப் பார்வை. சேர்த்தால்தான் பாதுகாப்பு என்பது மற்றொருபக்கப் பார்வை. பல பக்கமும் நோக்குவதே அநேகாந்தம்.

தொலைவைப் பற்றியும் இவ்வாறே பல பக்கமும் நோக்க வேண்டும். ஒரு கணக்கு எழுதிப் பார்ப்போம். வந்தவாசிப் பகுதியிலிருந்து பத்து டன் அரிசியுடன் ஒரு லாரி 120 கிலோமீட்டர் கடந்து சென்னைக்கு வருகின்றது. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடுகின்றது என்று கொள்வோம். 30 லிட்டர் டீசல், ஏறத்தாழ 80 கிலோ கரியமில வாயு. அதனை 400 சிப்பங்களுக்குப் பகிர்ந்தால், 25 கிலோ சிப்பம் ஒன்றிற்கு 200 கிராம். லாரி வெறுமனே திரும்பினாலும் 400 கிராமுக்கு மேற்படாது. இனி, அடையாற்றில் உள்ள நாம், மறந்துபோன ஒரு பொட்டலம் பெருங்காயத்திற்காகத் தியாகராய நகருக்கு இருசக்கர வண்டியில் போய் வருகின்றோம் என்று கொள்வோம். போக வரப் பன்னிரண்டு கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ வாயு. கணக்கிட்டால் 600 கிராம் வருகின்றது! ஓர் அரிசிச் சிப்பம் ஊரிலிருந்து வருவதைவிட, ஒரு பெருங்காயப் பொட்டலம் நகருக்குள் வருவது மிகுதியான புகையை விடுகின்றது. தொலைவு மட்டுமன்று, வெறுமையும் அவசரமும் குற்றமே. பத்து நிமிடத்தில் ஒரு பொருள் வாயிலுக்கு வந்துவிட வேண்டும் என்று கைப்பேசியை அழுத்தும் நம் பிள்ளைகளுக்கு இக்கணக்கைக் காட்டுங்கள்.

மூன்றாவது அதிபாரவாகனம். தாங்கும் அளவிற்கு மேல் சுமை ஏற்றுதல். வண்டி நிறைய ஏற்றினால் புகை குறையும் என்று கூறினோமே என்று, வரம்பு மீறி ஏற்றிவிடக் கூடாது. வண்டி தேயும், சாலை சிதையும், ஓட்டுநர் உயிருக்கும் வழியில் செல்வோர் உயிருக்கும் கேடு வரும். நிரம்ப ஏற்றுக, மிகையாக ஏற்றற்க என்பதே நெறி. எம் தமையன் மகன் இப்போது அருகிலுள்ள இரண்டு கடைக்காரர்களுடன் சேர்ந்து வாரம் ஒருமுறை ஒரே லாரியில் சரக்கு வரவழைக்கின்றான். திரும்பும் லாரியில் காலிச் சாக்குகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் அனுப்புகின்றான். பதினைந்து நாள் சரக்கிற்கு மேல் வைப்பதில்லை என்பது அவன் பூண்ட வரம்பு.

எஞ்சியவை லோபமும் விஸ்மயமும். நல்ல விலை கிடைத்த பின்னும் மேலும் வேண்டும் என்பது லோபம். தாம் விற்றுவிட்ட பின் பிறர் மிகுதியாக ஈட்டியதைக் கண்டு மனம் குமைவது விஸ்மயம். இவை புகைவிடும் குற்றங்கள் அல்ல. ஆனால் புகைக்கு நெருப்பு இவையே. கடந்த தீபாவளிக்கு முன் ஒரு மொத்த வணிகர் பெருந்தள்ளுபடி தருவதாகவும், மூன்று மாதச் சரக்கை எடுக்க வேண்டும் என்றும் எம் தமையன் மகனை அழைத்தார். அவன் தன் வரம்பை எண்ணிப் பதினைந்து நாளுக்கு மட்டும் வாங்கினான். பின்னர் விலை ஏறிற்று. மொத்தமாக வாங்கிய பக்கத்துக் கடைக்காரர் நல்ல இலாபம் கண்டார். "அத்தை, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விரதம் எடுத்தவன் நான், இலாபம் அவருக்கா என்று மனம் கேட்டது" என்று அவனே எம்மிடம் கூறினான். அவனை யாம் கடியவில்லை. ஆசாரியர் விஸ்மயத்தைக் குற்றங்களுள் வைத்தது, அது நல்லவர்க்கும் வரும் என்பதனால் அன்றோ? விரதம் இலாபத்தை உறுதி செய்வதில்லை. அது மனத்தை அளந்து காட்டுகின்றது. அவன் தன் வரம்பை மாற்றிக்கொள்ளவில்லை என்பதே எமக்கு மகிழ்ச்சி.

முன்னோர் வைத்த வரம்புகள்

சரக்கிருப்பைத் திட்டமிடுதல் மேல்நாட்டார் நமக்குக் கற்பித்தது என்று எண்ண வேண்டா. அரைத்த மாவைக் குளிர்காலத்தில் ஏழு நாள், கோடையில் ஐந்து நாள், மழைக்காலத்தில் மூன்று நாள் வரையே கொள்ளலாம் என்று நம் மரபில் வரம்பு உண்டு. ஈரம் மிகும் காலத்தில் மாவில் நுண்ணுயிர் விரைந்து தோன்றும் என்பதால் ஏற்பட்ட ஏற்பாடு இது. பருவத்திற்கேற்ப இருப்பை மாற்ற வேண்டும் என்று இன்று கணிப்பொறி கூறுவதை, நம் பாட்டியர் முறத்தின் முன் அமர்ந்து கூறினர். மழைக்கால நான்கு திங்களும் முனிவர்கள் ஓரிடத்தில் தங்குவதும், இல்லறத்தார் இத்திசையில் இவ்வளவு தொலைவிற்கு மேல் செல்லேன் என்று திக்விரதம் பூணுவதும், தொலைவும் காலமும் உயிர்க்கேட்டைப் பெருக்கும் என்று அறிந்ததன் பயனே.

எம் இளமையில் மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாய் வழியே படகுகள் வரக் கண்டிருக்கின்றோம். சவுக்கு விறகும் உப்பும் பாய்விரித்தும் கயிற்றால் இழுக்கப்பட்டும் வந்திறங்கும். பின்னர்ப் புயல்களாலும் கவனிப்பின்மையாலும் கால்வாய் தூர்ந்தது. 1997-இல் திருமயிலை வரை வந்த பறக்கும் இரயிலின் தூண்கள் இன்று அதில் நிற்கின்றன. அக்காலம் மீண்டும் வராது. வரவேண்டும் என்று புலம்புவதிலும் பயனில்லை. ஆனால் சாலையைவிட இரயிலும், இரயிலைப் போலவே நீர்வழியும், ஒரு டன் சரக்கைக் குறைந்த புகையில் சுமக்கும். விமானமோ அவற்றைப் போலப் பன்மடங்கு புகை விடும் என்பது இன்றும் உண்மை. திட்டமிடும் பணியில் உள்ள நம் பிள்ளைகள், ஒரு வாரம் முன்னதாகத் தேவையை எழுதி அனுப்பினால் இரயிலில் வரும் சரக்கு, கடைசி நாளில் எழுதினால் லாரியிலும் விமானத்திலும் வரும் என்பதை நினைவிற் கொள்ளட்டும். முன்யோசனையே பெரும் புகைத்தடை.

முன்யோசனைக்கு நம் ஊரிலேயே ஓர் எளிய சான்று ஆவின் பால் அட்டை. திங்கள்தோறும் முன்பணம் கட்டி அட்டை பெறுவோர் இத்தனை பேர், இவ்வளவு பால் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றது. ஊகித்து மிகுதியாக அனுப்பி, எஞ்சியதைக் கெடவிட வேண்டிய நிலை அந்த அளவிற்குக் குறைகின்றது. உண்மையான தேவை தெரிந்தால் தேவையற்ற இருப்பு தானே கரையும்.

நாம் பூணத்தக்க நியமங்கள்

இவற்றையெல்லாம் எழுதும் எம் இல்லத்தின் நிலையையும் மறைக்கலாகாது. ஓய்வு பெற்ற பின் அடையாற்றில் சிறிய குடியிருப்பில் வாழ்கின்றோம். ஊரிலிருந்து வரும் அரிசி மலிவென்றும் மணமுள்ளதென்றும் கருதி, இருவர் உண்ணும் வீட்டிற்கு நான்கு சிப்பம் வாங்கி வைத்தோம். மூன்றாவது சிப்பத்தைப் பிரித்தபோது வண்டு. வெயிலில் கொட்டினால் அவை மடியும், கொட்டாவிட்டால் பெருகும். நிழலில் பரப்பி, அவை தாமே ஊர்ந்து செல்லும் வரை இரண்டு நாள் காத்திருந்தோம். அந்த இரண்டு நாளில், சேர்த்தபோது செய்யாத சிந்தனையைச் செய்தோம். அதன் பயனே இக்கட்டுரை.

ஆயுள் முழுதும் கொள்ளும் வரம்பை யமம் என்றும், குறித்த காலத்திற்குக் கொள்ளும் வரம்பை நியமம் என்றும் நம் நூல்கள் கூறும். யமம் பூண இயலாதோர் வருகின்ற மழைக்கால நான்கு திங்களுக்கேனும் நியமம் பூணலாம்.

வணிகம் செய்வோர், ஒவ்வொரு பொருளும் ஒரு வாரத்தில் எவ்வளவு விற்கின்றது என்று குறிப்பேட்டில் எழுதி, அதற்கேற்ப இருப்பிற்கு மேல்வரம்பு வைக்கலாம். முதலில் வந்ததை முதலில் விற்கலாம். அருகிலுள்ள கடைகளுடன் வண்டியைப் பகிர்ந்துகொள்ளலாம். காலாவதி நெருங்கும் பொருளைக் குப்பைக்கு அனுப்புவதற்கு முன் குறைந்த விலைக்கோ தானமாகவோ தரலாம். தானமும் நமக்கு விரதமே.

அலுவலகங்களில் பணிபுரிவோர், சரக்கு அனுப்பும் ஒவ்வொரு முடிவிலும் விலை, காலம் என்னும் இரு பத்திகளுக்கு அருகே புகை என்னும் மூன்றாவது பத்தியையும் சேர்க்குமாறு மேலதிகாரிகளிடம் எடுத்துரைக்கலாம்.

இல்லத்தரசியர், வாரப் பட்டியல் ஒன்று எழுதி ஒரே நடையில் வாங்கலாம். நடந்து செல்லும் தொலைவில் கிடைப்பதை நடந்தே வாங்கலாம். ஆப்பிள் தொலைதூரத்திலிருந்து குளிரறைகளில் தங்கி வருவது. கொய்யாவும் வாழையும் அருகிலேயே விளைவன. பருவத்தில் விளைவதைப் பருவத்தில் உண்ணலாம்.

திருமணம் நடத்துவோர்க்கு ஒரு சொல். நேமிநாதரின் வரலாற்றைத் தம் பிள்ளைகளுக்குக் கூறும் நாம், நம் மண்டபத்துச் சமையற்கூடத்தில் முன்னிரவு குவிந்து கிடக்கும் காய்களையும் இலைகளையும் ஒருமுறை நின்று பார்த்தல் வேண்டும். வருவோர் எத்தனை பேர் என்று முன்னரே கேட்டறிந்து, அதற்கேற்பப் பொருள் வாங்கினால், மறுநாள் தொட்டியில் கொட்டுவது குறையும். அழைப்பிதழில் இதனைப் பணிவுடன் கேட்பது இழுக்கன்று.

சிறுபான்மையினரான நாம் சில மூட்டைகளைக் குறைத்தால் உலக வெப்பம் தணியுமோ என்று சிலர் வினவலாம். தணியாது, உண்மையை மறைப்பதில் அறமில்லை. அரசுகளும் பெருநிறுவனங்களும் செய்ய வேண்டியவை மலையளவு உள்ளன. ஆனால் நேமிநாத பகவானும் உலகத்து விலங்குகள் அனைத்தையும் அன்று விடுவித்துவிடவில்லை. தம் பொருட்டு அடைக்கப்பட்டவற்றை விடுவித்தார். தம் பொருட்டு நிகழ்ந்ததற்குத் தாம் பொறுப்பேற்றார். அப்பொறுப்பே பின்னர் வந்தோர் அனைவர்க்கும் வழியாயிற்று. எம் தமையன் மகனுடன் வண்டியைப் பகிரும் அவ்விரு கடைக்காரர்களும் சமணர் அல்லர். செலவு குறைகின்றது என்றே சேர்ந்தனர். அறம் இப்படியும் பரவும்.

ஆகவே, அன்பர்களே! இன்று இல்லம் சென்றதும் பொருள் வைக்கும் அறையைத் திறந்து, ஒரு நொடி நில்லுங்கள். தேர்ப்பாகனை நோக்கிப் பகவான் கேட்ட வினாவை உங்களை நீங்களே கேளுங்கள். விடை வரும் வரை மேலும் ஒன்றைச் சேர்க்காதிருங்கள். அளவறிந்து சேர்த்தலே இல்லறத்தானின் அகிம்சை.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புற்றிருக்க! ஜெய ஜினேந்திரா!